கந்தக பூமியில் ஒரு கலப்பினக் குட்டி

விருதுநகரின் கமிஷன் மண்டிகளில் மல்லியும் வற்றலும் துவரம்பருப்பும் தராசில் ஏறி இறங்குவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த நம் ஜில்லாக்காரர்கள், நிறுக்காமல் எந்தச் சரக்கையும் வாங்க மாட்டார்கள் என்று பெயரெடுத்தவர்களாயினும், ஒரு பாரசீகக் கலப்பினப் பூனைக்குட்டியைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது மாத்திரம், அதன் ரோமத்தின் அடர்த்தியையும் கண்ணின் நிறத்தையும் பார்த்து மயங்கி, தராசு என்றொரு வஸ்து இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பஞ்சுப்பொதி மாதிரி தோன்றும் அந்த ரோமத்துக்கு உள்ளே விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும் மெலிந்த சரீரம் ஒளிந்திருக்கக்கூடும் என்பது, விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற வைத்தியருக்குத்தான் தெரியவருகிறது.

விற்பவர்கள் முகத்தை வைத்தே விலை சொல்கிறார்கள். மூக்கு சற்று நீண்டிருந்தால் ‘டால் பேஸ்’. உள்ளே அமுங்கியிருந்தால் ‘பஞ்ச் பேஸ்’. நடுத்தரமாக இருந்தால் ‘செமி பஞ்ச்’. வாங்குகிறவர் மனமோ நீண்ட ரோமத்தின் மேலேயே இருக்கிறது. ஆனால் நீண்ட ரோமம் என்பது ஒடுங்கு குணம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தாலொழிய அது வெளிப்படாது. ஆகையால் சுத்தப் பாரசீக ஆணுக்கும், அந்தக் குணம் மறைவாகக்கூட இல்லாத நம் நாட்டுப் பெண் பூனைக்கும் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள் அத்தனையும் குட்டை ரோமத்தோடுதான் இருக்கும். ‘கிராஸ் என்று சொல்லி நாட்டுப் பூனையைத் தலையில் கட்டிவிட்டான்’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இதற்கு நேர்மாறாக, சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் மெல்ல மெல்லப் பெருத்து நடுவயதில் பிராணனை வாங்கும் பரம்பரை வியாதி ஒன்று பாரசீகப் பூனைகளுக்கு உண்டு. பல தேசங்களில் நடந்த பரிசோதனைகளில் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது காணப்பட்டிருக்கிறது. அதுவோ ஓங்கு குணம். ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். நோயுள்ள ஒரு பூனையின் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது போய்ச் சேரும். விரும்பி வாங்குகிற ரோமம் எளிதில் வராமல் வேண்டாத வியாதி மட்டும் எளிதில் வந்துவிடுவது இந்தக் கலப்பினத்தின் விசித்திரம். விலை பேசும்போது, தாய்ப் பூனைக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

வனவிலங்கோடு கலந்த கலப்பினங்களும் உலகில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி 1963-ஆம் ஆண்டில் ஆசியச் சிறுத்தைப்பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்ததில் தொடங்கியதுதான் ‘பெங்கால்’ என்னும் இனம். அந்த ஆசையில் நம் மக்காச்சோளக் காட்டிலும் வேலிக்கருவேலப் புதரிலும் அகப்படும் காட்டுப்பூனைக் குட்டியை யாரும் தூக்கிவர வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், தாயும் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆகார விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பேர்போன ஜில்லாவில் பாலுக்குப் பஞ்சமில்லை. குட்டி வந்த அன்றைக்கே வீட்டுப் பெரியவர்கள் ஒரு கிண்ணத்தில் பாலும் சோறும் பிசைந்து வைத்துவிடுகிறார்கள். அன்பு மெச்சத்தக்கதே, ஆனால் தாய்ப்பால் மறக்கும் பருவத்திலேயே பாற்சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி பூனைக்குக் குறையத் தொடங்கிவிடுவதால், பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத்தான் உண்டாக்கும். பூனை ஸ்வபாவத்திலேயே மாமிசபட்சணி. ‘டாரின்’ என்னும் சத்தைத் தன் தேவைக்குப் போதுமான அளவு தன் சரீரத்தில் உண்டாக்கிக்கொள்ள அதற்கு இயலாது. இச்சத்துக் குறைந்தால் பார்வை கெடும் என்று 1975-இலும், இருதயம் பலவீனப்பட்டு வீங்கும் என்று 1987-இலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். காரட்டிலிருந்து ‘ஏ’ வைட்டமின் எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியமும் அதற்கு இல்லை. ராஜபாளையம் நாய் பிறந்த சீமை இது. நாய்க்கு வாங்கிய தீவனத்தில் ஒரு பிடியைப் பூனைக்கும் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நாய்த் தீவனத்தை நம்பி எந்தப் பூனைக்குட்டியும் சரியாக வளராது.

உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழிக்கறியும், முள் நீக்கி அவித்த சாளை மீனும் நல்ல ஆகாரம். கறி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடலாகாது; டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாட்டின் உப்பும் ஆகாது. அதே சமயம் வெறும் கறியை மட்டுமே கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் எலும்பு மெலிந்து, மேஜையிலிருந்து குதித்த மாத்திரத்தில் கால் முறிந்துபோகும் குட்டிகளும் உண்டு. எனவே குட்டிகளுக்கென்றே தயாரித்த தீவனத்தைப் பிரதானமாக வைத்து, கறியையும் மீனையும் துணையாகக் கொடுப்பதே என் அபிப்பிராயத்தில் உசிதம். மூன்று மாதம் வரையில் நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரையில் மூன்று வேளை. மண்சட்டியில் தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

இப்போது தராசு. பிறந்த குட்டி ஏறக்குறைய நூறு கிராம் இருக்கும். தினம் பத்து முதல் பதினைந்து கிராம் ஏறி, ஒரு மாதத்தில் நானூறு, நானூற்றைம்பது கிராமும், இரண்டு மாதத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் கிராமும் ஆகும். பின்பு சில மாதங்கள் வரையில் வாரம் நூறு கிராம் என்பது பொதுக் கணக்கு. சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, குட்டியை அதற்குள் விட்டு, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் நிறுத்துக் காலண்டரில் குறித்துவைத்தால், குடற்புழுவோ சளியோ வெளியே தெரிவதற்கு முன்பே எண் பேசிவிடும். நாட்டுப் பூனை ஒரு வருஷத்தில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். பாரசீக இரத்தம் மிகுந்ததற்கு ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும்.

சிவகாசி வட்டாரத்துக்கென்றே சில அபாயங்கள் உண்டு. அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து 1923-இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்த ஊர் இது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் போய்வருகிறவர்களின் உடுப்பில், வெள்ளியாக மின்னும் அலுமினியப் பொடியும் மருந்துத் தூசியும் ஒட்டிக்கொண்டு வரும். குட்டி ஓடிவந்து காலில் உரசும். பிறகு தன் ரோமத்தை ஒன்றுவிடாமல் நக்கும். தீக்குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு இரத்தத்தைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் செய்யும். பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட்டும் விஷமே. குளித்து உடை மாற்றிய பின்பே குட்டியைத் தொடுவது என்று வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லப் போதும். அதுவும் இரத்தத்தையே தாக்குகிறது. பரிசுப் பெட்டி கட்டுகிற ரிப்பனையும் நூலையும் குட்டிகள் விழுங்கிவிடுவதுண்டு. வாயிலோ பின்புறத்திலோ நுனி தொங்கினால் பிடித்து இழுக்கலாகாது. உள்ளே குடல் சுருங்கி அறுபட்டுப்போகும். உடனே வைத்தியரிடம் ஓடுங்கள்.

வெடிச் சத்தத்தைப் பற்றி ஒரு சங்கதி. வெடி வெடிக்கும்போது பீரோவுக்கு அடியில் பதுங்காமல் நிம்மதியாகத் தூங்குகிற வெள்ளைக் குட்டியைப் பார்த்து, ‘நம்ம ஊர்க் குட்டி, பழகிவிட்டது’ என்று பெருமைப்படுகிறவர்கள், அதன் கண்ணைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளை ரோமமும் இரண்டு நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகளில் பாதிக்கு மேல் பிறவிச் செவிடு. பிறந்த சில வாரங்களிலேயே உட்செவியின் நுண்ணுறுப்பு அழிந்துவிடுவதே காரணம். முதுகுப்புறம் நின்று, காற்றும் அதிர்வும் படாமல் கைதட்டிப் பாருங்கள். காது திரும்பாவிட்டால் அந்தக் குட்டியைத் தெருவில் விடாதீர்கள். கேட்கும் குட்டிகளுக்குத் தீபாவளி வாரத்தில் ஜன்னல் சாத்திய உள்ளறையும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும் அவசியம். மூக்கு அமுங்கிய குட்டிகளுக்குச் சித்திரை உஷ்ணம் இன்னும் கொடியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது விளையாட்டல்ல.

எட்டு வாரத்தில் மூன்று நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி, பதினாறு வாரம் வரையில் மூன்று, நான்கு வாரத்துக்கொருமுறை அதன் மறுதவணை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, இடையிடையே குடற்புழு மருந்து, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை. இவற்றில் எதையும் தள்ளிப்போட வேண்டாம். உள்ளூர் வைத்தியருக்குச் சந்தேகம் தோன்றும் நோய்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும், குட்டியோடு அந்த எடைக் குறிப்பையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.