பழைய ஜீப்பில் சரியாக உட்காருவது எப்படி?

அமிர்தி வரை சிரமமில்லை. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக சுமார் 25 கிலோமீட்டர். உயிரியல் பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அங்கிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஏறும்போதுதான் பழைய ஜீப்பின் இருக்கை தன் குணத்தைக் காட்டும். வளைவுக்கு வளைவு கிளட்ச், கியர், பிரேக். நெட்டையானவருக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். குட்டையானவரோ கிளட்சை முழுக்க மிதிக்க இடுப்பை முன்னுக்கு நகர்த்தியாக வேண்டும்.

இதற்கு வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. 1947-ல் மகிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், போருக்காகப் பிறந்த வண்டி. போர்க்கால எம்.பி. ஜீப்பில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. பெட்ரோல் ஊற்ற குஷனைத் தூக்க வேண்டும். பிறகு வந்த சிஜே3பி-யில் டாங்கின் வாய் வெளியே வந்தது, டாங்க் மட்டும் நகரவில்லை. அதனால் இருக்கையைத் தாழ்த்த வழியில்லை. போதாக்குறைக்கு, உயரமான ஹரிகேன் எஞ்சினுக்காக பானெட்டையும் தூக்கிவிட்டார்கள். குட்டையானவருக்கு வளைவில் சாலை மறைகிறது.

மினி காரை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ், ஓட்டுநர் சற்று அசௌகரியமாக இருந்தால்தான் விழிப்போடு இருப்பார் என்று நம்பியவர். மலைப்பாதையில் அந்த வாதம் எடுபடாது. மரத்துப்போன கால் பிரேக்கைத் தாமதமாகத்தான் தேடும்.

முதலில் போக வேண்டிய இடம் வெல்டிங் பட்டறையல்ல, குஷன் கடை. அமுங்கிப்போன பழைய குஷனை மாற்றினாலே பாதிப் பேருக்குக் குறை தீரும். தீராவிட்டால் அளவெடுக்கலாம். கிளட்சைத் தரைவரை மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். எத்தனை அங்குலம் நகர்த்துவது என்பதை இந்த இரண்டுமே சொல்லிவிடும்.

பிறகு, இருக்கைக்கும் பழைய துளைகளுக்கும் நடுவே கழற்றி மாட்டக்கூடிய கனமான இரும்புத் தகடு ஒன்று போதும். தகரத்தில் புதுத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் அகலமான பட்டை கொடுப்பது அவசியம். வெறும் வாஷர் துருப்பிடித்த தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இருக்கைப் பிடிப்பு இருக்கையின் எடையைப்போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 207-ஆம் பாதுகாப்பு விதி. 15 கிலோ இருக்கைக்கு அது 300 கிலோ. சீட் பெல்ட் பொருத்துவதானால் அதை இந்தத் தகட்டில் மாட்டவே கூடாது. அதற்குத் தனிப் பிடிப்பு வேண்டும்.

வெல்டிங் வேலை எதுவானாலும் தகட்டை வண்டியிலிருந்து கழற்றி வெளியே எடுத்துப் போய்ச் செய்ய வேண்டும். காலி டாங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், ஒரு தீப்பொறி பட்டால் வெடித்துவிடும்.

வெட்டி ஒட்டாமல் இப்படிச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 வயது கடந்து, சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டிகளையே 'வின்டேஜ்' என்று ஏற்கிறது. தரையை அறுத்து டாங்கைப் பின்னால் கொண்டுபோனவர்களுக்கு அந்தப் பதிவு சிக்கலாகலாம். தகடு வைத்தவர் நான்கு போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

முதல் மலை ஏற்றம் முடிந்து அமிர்திக்கு இறங்கியதும் அந்த நான்கையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட வேண்டும். புதுத் தகடு அதிர்வில் படிந்து போல்ட் சற்றுத் தளர்ந்திருக்கும்.