மலிவு விலை டி.வி.யை மதிப்பிடுவது எப்படி?



"நீ எலக்ட்ரானிக்ஸ்தானே மக்களே படிக்கது? வந்து ஒரு நல்ல டி.வி.யா பாத்துச் சொல்லு" என்று வீட்டில் கேட்டால், நம்மில் எத்தனை பேர் தைரியமாகப் பதில் சொல்வோம்? நான் முதலாண்டு படிக்கும்போது என் அப்பா அப்படிக் கேட்டார். குழித்துறையிலிருந்து மார்த்தாண்டத்துக் கடை வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததை உரக்க வாசித்ததைத் தவிர அங்கே நான் ஒன்றும் செய்யவில்லை என்பதே உண்மை!

அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது, 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலக் கலர் டி.வி. பிக்சர் டியூப் வைத்த, முதுகு தள்ளிய பெட்டி. புதிதாக வாங்கியதோ 32 அங்குலத் தட்டைத் திரை. விலை பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்பா ரப்பர் பால்வெட்டிச் சேர்த்த காசு அது. அந்தப் பெட்டியில் எழுதியிருந்ததை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில் 'எல்.இ.டி. டி.வி.' என்ற பெயர். இவ்வகை டி.வி.யில் படத்தை உண்டாக்குவது எல்.இ.டி. அல்ல, எல்.சி.டி. பேனல். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுப்பவைதான் எல்.இ.டி.கள். நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் பூசி வெள்ளை ஒளி பெறுகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது '4கே சப்போர்ட்'. திரையில் இருப்பதோ 1366 × 768 புள்ளிகள் மட்டுமே. 4கே படம் கொடுத்தால் வாங்கிச் சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான். இது பெரிய குறையா? கணக்குப் போடுவோம். திரையின் அகலம் சுமார் 71 செ.மீ. 1366-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 0.52 மி.மீ. நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதன்படி 1.8 மீட்டர், அதாவது ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் புள்ளி தனியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் எட்டடி தள்ளித்தான் உட்காருகிறோம். ஆக, அந்த எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது '20 வாட்ஸ் சவுண்ட்'. பெட்டி ஒல்லியானதால் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லை, அதனால் கனத்த ஒலி எழும்பாது. "படம் பெருசாச்சு, சத்தம் சிறுசாச்சு" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

நான்காவது 'ஸ்மார்ட்'. ராம் 1 ஜி.பி., நினைவகம் 8 ஜி.பி. ஆப்புகள் வருஷா வருஷம் கனத்துக்கொண்டே போகும். இதுவோ அப்படியே நிற்கும். பிறகு மெதுவாகாமல் என்ன செய்யும்?

இவையெல்லாம் அட்டையில் இருந்தவை. அட்டையில் இல்லாத ஒன்றுதான் எங்களைப் படுத்தியது. ஓராண்டு வாரண்டி முடிந்து, ஐப்பசி மழையில் ஒருநாள் படம் அணைந்துபோனது. சத்தம் மட்டும் வந்தது. மழை விடாமல் பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும் என்பது நம்ம பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கையில் காசில்லாத நேரம். ரிப்பேர் கடையில், "பேனல் போச்சு தம்பி, புதுசு வாங்குறதுதான் லாபம்" என்றார்கள். டி.வி. விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான் என்பதால் அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கோ அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேர்ந்தெடுத்தவன் நானல்லவா?

அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஓடுகிற டி.வி.யின் திரையில் டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். மங்கலாக ஆட்கள் நடமாடினார்கள்! படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. பேனல் சாகவில்லை!

உள்ளே மூன்று பட்டைகளில் எல்.இ.டி.கள் தொடர் இணைப்பில் இருந்தன. வாவுபலி பொருட்காட்சிக் கடைகளில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையும் சீரியல் லைட் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். பட்டை ஏன் கருகியது? வந்த நாளிலிருந்து பேக்லைட் 100-லேயே இருந்தது. நாங்கள் குறைக்கவே இல்லை. சூடு தின்றுவிட்டது.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரின் துணையோடு பிரித்தோம். தனியாக நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பேனலை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும், வளைந்தால் விரிசல்தான். வெளிச்சம் ஒரே சீராக இருக்க மூன்று பட்டைகளையும் மாற்றினோம். செலவு சில நூறு ரூபாய். மூட்டும்போது உள்தாளில் என் விரல் பட்டு, ஒரு மூலையில் இன்றும் சிறு நிழல் உண்டு. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பிராக்டிகல் மார்க்!

எனவே நண்பர்களே, மலிவு டி.வி. வாங்கப் போனால் இப்படிச் செய்யுங்கள். உட்காரும் தூரத்தை வீட்டில் அளந்துகொண்டு போங்கள். கடையில் பாட்டுப் போடாமல் செய்தி வைத்து, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் நின்று நிறம் வெளுக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று வாசியுங்கள். முக்கியமாக, "இதுக்குப் பேக்லைட் பட்டை தனியா கிடைக்குமா? சர்வீஸ் எங்கே?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேக்லைட்டைப் பாதியளவுக்குக் குறையுங்கள். பின்பக்கத்தில் காற்றுப் போக இடம் விடுங்கள்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். இருண்டதெல்லாம் பேனல் போனதுமல்ல! பழுதானால் சரிசெய்ய முடிகிற டி.வி.தான் ஏழை வீட்டுக்கு நல்ல டி.வி. அதைக் கண்டுபிடித்துச் சொல்லத் தெரிந்தால், நம் டிப்ளமோவுக்கு நம் வீட்டிலேயே முதல் மரியாதை கிடைக்கும்.