நிலத்தை எழுதி வைத்தால் வரி உண்டா?

மார்க்கையன்கோட்டை, சின்னமனூர் பக்கத்து வாசகர்கள் பூச்சி, உரம் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு நடுவே இதையும் கேட்கிறார்கள்: "நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதினால் வரி கட்ட வேண்டுமா?" இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, ஒரு வக்கீலின் காலத்தைப் பார்க்க வேண்டும்.

நானி பல்கிவாலா 1920-ல் பம்பாயில் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய். 1944-ல் ஜாம்ஷெட்ஜி காங்காவிடம் ஜூனியராகச் சேர்ந்தார். அவருடன் சேர்ந்து 1950-ல் வெளியிட்ட வருமான வரிச் சட்ட நூலை வரி வக்கீல்கள் இன்றும் புரட்டுகிறார்கள். பட்ஜெட் வந்ததும் அதைப் பொதுமக்களுக்கு விளக்கிப் பேசுவார். 1958-ல் ஓர் ஓட்டல் அரங்கில் தொடங்கிய அந்தப் பேச்சுக்குப் பிற்பாடு பிரபோர்ன் கிரிக்கெட் மைதானமே தேவைப்பட்டது. வரிக்கணக்கு கேட்க மைதானம் நிறைந்ததென்றால் ஆச்சரியம்தான். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தொடங்கிய கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் முன் வாதாடியவரும் அவரே; தீர்ப்பு 1973-ல் வந்தது.

அவர் தொழில் செய்த காலத்தில் வரி கடுமை. 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு 97.75 சதவீதம். இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கும் 1953 முதல் 'எஸ்டேட் டியூட்டி' என்ற வரி இருந்தது. பெரிய சொத்துகளுக்கு அது 85 சதவீதம் வரை போனது. 1985-ல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை.

இன்று உயில் மூலமோ வாரிசாகவோ வரும் நிலத்துக்கு வருமான வரி கிடையாது. பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கும் வருமான வரி இல்லை. முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும்தான், அவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. விளைச்சல் வருமானத்துக்கும் மத்திய வருமான வரி இல்லை. ஆனால் பால், கோழிப்பண்ணை வருமானம் இந்தக் கணக்கில் சேராது. பலர் இதில்தான் குழம்புகிறார்கள்.

உயிலா, செட்டில்மென்ட்டா? என்னைக் கேட்டால், வயதானவர்களுக்கு உயில்தான். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சி ஆக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பிற்பாடு தகராறு குறையும். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். பதிந்த செட்டில்மென்ட்டை அப்படி நினைத்தபோது மாற்ற முடியாது. தென்னந்தோப்பை எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு நிற்கும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால் "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். மீறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

சொந்தச் சம்பாத்தியத்தை விருப்பப்படி எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். அதில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் திருமணமாகாத மகள்களுக்கு 1989-லும், எல்லா மகள்களுக்கும் 2005-லும் சட்டம் இதைக் கொடுத்தது. மகளை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினைதான் பத்து வருஷம் கழித்து நீதிமன்றம் ஏறுகிறது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வேளாண்மை அலுவலகத்தில் பார்க்கலாம். சொட்டுநீர் மானியத்துக்கு வருபவர் கையில் தாத்தா பேரில் பட்டா. ஆண்டுக்கு 6,000 ரூபாய் பி.எம். கிசான் தொகைக்கும் நிலம் விண்ணப்பிப்பவர் பேரில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கு அந்தத் தொகை இல்லை. உடையவர் இறந்து வாரிசாக வந்திருந்தால் உண்டு. அதற்கும் பட்டா மாறியிருக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா, பத்திர நகலோடு இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். அத்தை, சித்தி உட்பட பங்குதாரர் எல்லாரும் நல்லபடி பேசிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.