புதுப்பித்த கார் எஞ்சினில் எண்ணெய் அழுத்தச் சோதனை

முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கப்பட்ட பழைய கார் எஞ்சினை முதன்முறையாக இயக்குவதற்கு முன், அதன் எண்ணெய் வழிகளை நிரப்பி, அழுத்தம் எழுகிறதா என்று பார்ப்பதே எண்ணெய் அழுத்தச் சோதனை ஆகும். அரை மணி நேர வேலைதான். இதைத் தவிர்த்தால் பல வார உழைப்பு சில நொடிகளில் வீணாகலாம்.

ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையுள்ள இடைவெளியில், எண்ணெய்ப் படலம் நின்று தண்டைத் தாங்குகிறது. தினமும் ஓடும் காரில் முதல் நாள் எண்ணெய் மறுநாள் காலையிலும் ஓரளவு தங்கியிருக்கும். புதுப்பித்த எஞ்சினில் வழிகள் எல்லாம் கழுவப்பட்டுக் காலியாகவும், பம்பும் வடிகட்டியும் உலர்ந்தும் இருக்கும். பூட்டும்போது தடவிய பசை மட்டுமே தொடக்கத்தில் காவல்.

எஞ்சினைப் பற்றவைத்துவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். இங்குதான் சிக்கல். தட்டையான டேப்பெட் கொண்ட பழைய எஞ்சின்களில் புதிய கேம் தண்டு போட்டிருந்தால், பற்றியவுடன் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுக்கு உயர்த்தி, ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்டும்படி கேம் தயாரிப்பாளர்கள் கூறுவது வழக்கம். மெதுவாக ஓடவிட்டு நிதானமாகச் சோதிக்க அப்போது அவகாசம் இல்லை. ஆகவே அழுத்தம் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.

சோதிக்கும் முறை, பம்பை எது சுழற்றுகிறது என்பதைப் பொறுத்தது. 1955-இல் அறிமுகமான செவ்ரோலெட் சிறிய வி8 எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டே பம்பையும் சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளையில் தனிக் கருவியை இறக்கி, மின் துளைப்பானால் வலஞ்சுழியாகச் சுழற்றலாம். எண்ணெய் ஏறியதும் துளைப்பான் திணறுவது கையிலேயே தெரியும். சாதாரணக் கம்பி இதற்குப் போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே எண்ணெய் வழியின் ஒரு சுவராக இருப்பதால், அந்த இடத்தை அடைக்கும் வளையம் கொண்ட கருவி வேண்டும்.

எம்ஜிபி காரின் 1798 சிசி பி-வரிசை எஞ்சினில் இந்த வசதி இல்லை. அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். பம்பைக் கேம் தண்டு தனியாகச் சுழற்றுவதால் துளைப்பான் எட்டாது. எனவே பூட்டும்போதே பம்பை எண்ணெயாலோ பெட்ரோலியம் ஜெல்லியாலோ நிரப்பிவிடுவது நல்லது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஸ்டார்ட்டரால் 10, 15 நொடிகள் வீதம் இடைவெளி விட்டுச் சுழற்ற வேண்டும். பிளக் இல்லாததால் சிலிண்டரில் காற்று அமுங்காது, பேரிங் மீது சுமையும் குறையும். ஆனால் நெடுநேரம் சுழற்றினால் கேம் மீதுள்ள பசை வழித்துப் போய்விடும். சில சுற்றுகளில் முள் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு, எண்ணெய்க் குளிரூட்டியின் குழாயைக் கழற்றி, அதன் வழியே பம்புக்கு எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம்.

அளவிட, குழாய் மூலம் நேரடியாக இணையும் அழுத்தமானியே ஏற்றது. எச்சரிக்கை விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடுவதால் அதை நம்பக் கூடாது. எம்ஜிபிக்கு ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை இயல்பு. ஸ்டார்ட்டரில் சுழலும்போது அவ்வளவு எதிர்பார்க்க வேண்டியதில்லை.

முள் எழுந்தால் மட்டும் வேலை முடியாது. வால்வு மூடியைத் திறந்து, ராக்கர்களில் எண்ணெய் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். செவ்ரோலெட்டில் பம்பைச் சுழற்றும்போதே ஒருவர் கிராங்க் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால்தான் எல்லா ராக்கர்களுக்கும் எண்ணெய் சேரும்.

அழுத்தம் எழவே இல்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கிறது, அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது எண்ணெய் வழியின் அடைப்பான் ஒன்று பூட்டாமல் விடுபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு எஞ்சினை மறுபடி பிரிக்கவும் நேரிடும். பேரிங்குகள் கெடாத நிலையில் பிரிப்பதால் செலவு கேஸ்கெட்டுகளோடு நின்றுவிடும்.