ஆகாயத்தாமரையில் ஒரு தாள்

ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை நம் மண்ணின் செடி இல்லை. அமேசான் படுகையில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஊதாப் பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்தது. அங்கே படகும் போக முடியாமல் வயலும் பாழாகி, 1936-இல் இதை ஒழிக்கவே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நெல்லைப் பக்கம் இதை அமலைச் செடி என்பார்கள்.

நெருக்கமில்லாத இடத்தில் தண்டு வெங்காயம் போலக் குட்டையாக உப்பியிருக்கும். நெருங்கி வளர்ந்த இடத்தில்தான் வெளிச்சம் தேடி இரண்டடி, மூன்றடி நீளும். கூடை, பாய் முடைய நீளத் தண்டுதான் வேண்டும். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும், முடைவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் ஒடியாமல் வளையும். தாளுக்கு எந்தத் தண்டும் ஆகும். ஆனால் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பத்து கிலோ அறுத்தால் காய்ந்து அரைக் கிலோ தேறுவதே பெரிது.

காய்ந்த தண்டை விரல்நீளத்துக்கு நறுக்கி, கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் வேகவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். கையுறையும் அவசியம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்து அலசிவிட்டுக் கிள்ளிப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் பதம். வழுவழுப்புப் போகும்வரை அலசி, இடித்துக் கூழாக்கி, தண்ணீர்த் தொட்டியில் கலக்கி, வலைச் சட்டத்தால் அள்ளினால் ஈரத்தாள். துணியில் கவிழ்த்து, பாரம் வைத்து, உலர்த்த வேண்டும்.

வெறும் ஆகாயத்தாமரைத் தாள் காயும்போது சுருங்கி மொடமொடக்கும். பழைய பருத்தித் துணிக்கூழோ கழிவுத்தாள் கூழோ கலந்தால் எழுதத் தோதாக இருக்கும். எனக்கென்னவோ அந்தச் சுருக்கம்தான் பிடித்திருக்கிறது, விளக்கைச் சுற்றி வைத்தால் நார் தெரியும்.

நாலு பேர் தாள் செய்து ஏரி சுத்தமாகிவிடாது. தாளுக்காக இச்செடியை யாரும் வளர்த்துவிடவும் கூடாது. ஆலைக் கழிவு கலக்கும் நீரிலிருந்து எடுக்காதீர்கள். ஈயம் போன்ற உலோகங்களை இச்செடி உறிஞ்சி வைத்திருக்கும். வேரையும் கொடியையும் கரையிலேயே நன்றாகக் காயவிடுங்கள். ஒரு துண்டு தண்ணீருக்குள் திரும்பிப் போனாலும் மறுபடி துளிர்த்துவிடும்.