வானில் ஓர் எஞ்சின் நின்றால்

தளேகாவில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் முப்பதாண்டுகள் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். சென்னைக்குச் செல்ல இரயிலையன்றி வேறொன்றை அறியாதவர். பேத்தியின் திருமணத்தை முன்னிட்டு அண்மையில்தான் முதன்முறையாக விமானச் சீட்டு வாங்கினார். பயணத்துக்கு முந்திய நாள் மாலை அவர் என்னிடம், “ஏன் சார், நடுவழியிலே ஒரு எஞ்சின் நின்று போனால் வண்டியை எங்கே ஓரங்கட்டுவார்கள்?” என்று வினவினார். சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது.

விமானத்தைத் தாங்குபவை இறக்கைகள். எஞ்சின் அதனை முன்னே செலுத்துகிறது. எனவே எஞ்சின் நின்ற கணமே விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. 1982 ஜூன் 24 அன்று, பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று ஜாவாத் தீவருகே எரிமலைச் சாம்பலில் புகுந்தது. அதன் நான்கு எஞ்சின்களும் நின்றன. பத்து நிமிடங்களுக்கு மேல் அது காற்றில் சறுக்கியவாறு இறங்கிற்று. பின்னர் எஞ்சின்கள் மீண்டும் இயங்க, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரை சேர்ந்தது.

இன்று நாம் பெரும்பாலும் ஏறிச் செல்வது இரட்டை எஞ்சின் விமானம். ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தபின் ஓர் எஞ்சின் பழுதுற்றாலும், எஞ்சியதைக் கொண்டு மேலெழும் ஆற்றல் அதற்கு இருத்தல் வேண்டும்; இன்றேல் அதற்குப் பறக்க அனுமதியே கிடையாது. உயரத்தில் ஓர் எஞ்சின் நின்றால், முப்பத்தையாயிரம் அடியில் நிலைக்க இயலாமல் விமானம் மெல்லத் தாழ்ந்து, ஏறத்தாழ இருபதாயிரம் அடியில் செல்லும். நம் சஹ்யாத்ரி மலையின் கல்சுபாய் சிகரமே சுமார் 5,400 அடிதான் என்பதை நினைவிற் கொண்டால் அச்சம் தணியும்.

அப்போது விமானிகள் செய்வது என்ன? முதற்கடமை, விமானத்தை நேராகப் பறக்கச் செய்வது. பழுதுற்ற எஞ்சின் இருக்கும் பக்கமாக விமானத்தின் மூக்கு திரும்பும்; விமானி சுக்கானை எதிர்ப்புறம் செலுத்தி அதனைச் சரி செய்வார். தரையை விட்டுப் பாதுகாப்பான உயரம் எய்தும்வரை வேறெதிலும் கை வைப்பதில்லை. அதன்பின் எந்த எஞ்சின் பழுது என்பதை ஒருவர் உரக்கக் கூற, மற்றவர் கருவிகளைப் பார்த்து, ‘ஆம்’ என்று உறுதி செய்வார். அதற்குப் பிறகே எரிபொருளை நிறுத்துவர். தீப்பற்றியிருப்பின் அணைப்பான் பிடியை இழுப்பர். இவ்வொழுங்கை ஆறு மாதத்திற்கொருமுறை பயிற்சிக் கூடத்தில் அவர்கள் செய்துகாட்ட வேண்டும்.

இவ்வொழுங்கும் பயனற்றுப்போகும் வேளை உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. 1976 அக்டோபர் 12 அன்று, பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவெல் விமானத்தின் வலப்புற எஞ்சினில், உலோகச் சோர்வினால் விரிசல் கண்டிருந்த சுழல்தட்டு ஒன்று உடைந்து சிதறியது. துண்டுகள் எரிபொருட் குழாயை அறுத்தன, தீ மூண்டது. திரும்பி இறங்க முயல்கையில் கட்டுப்பாடு இழந்து வீழ்ந்தது. 95 பேரும் மாண்டனர். எஞ்சின் நிற்பது வேறு, உடைந்து சிதறுவது வேறு. ஆதலின் சுழல்தட்டுகளுக்கு எத்தனை பயணங்கள் என்று ஆயுள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அது நிறைந்ததும், காண்பதற்கு நன்றாக இருப்பினும், அவை கழிக்கப்படுகின்றன.

இனி நம் பங்கைக் கூறுகிறேன். 1989 ஜனவரி 8 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற போயிங் விமானத்தில் இடப்புற எஞ்சினின் விசிறி அலகு முறிந்தது. விமானிகள் விரைந்து முடிவெடுத்து, நல்ல நிலையிலிருந்த வலப்புற எஞ்சினை நிறுத்திவிட்டனர். தற்செயலாகப் புகை குறைந்ததால் தாம் செய்தது சரியென்றே நம்பினர். வலப்புற எஞ்சினில் கோளாறு என்று தலைமை விமானி அறிவித்தபோது, இடப்புறத்தில் தீப்பொறியைக் கண்ணாரக் கண்ட பயணிகள் திகைத்தனர். ஆயினும் ஒருவரும் வாய் திறந்திலர். விமானி அறியாததையா நாம் அறிந்துவிடப் போகிறோம் என்ற தயக்கம் அது. இறங்கும் தறுவாயில் பழுதுற்ற எஞ்சினும் நின்றது. கெக்வொர்த் என்னும் ஊரருகே விமானம் நொறுங்கி 47 பேர் உயிரிழந்தனர்.

விமானி அறையிலிருந்து எஞ்சின்களைக் கண்ணால் காண்பது அரிது. சன்னலோரம் அமர்ந்தவர் காண்பதை அவர் காணார். ஆகவே தீயையோ புகையையோ கண்டால், உடனே பணிப்பெண்ணிடம் எந்தப் பக்கம் என்பதோடு சொல்லுங்கள். அறிவிப்பு நீங்கள் கண்டதற்கு மாறாக இருந்தால் மீண்டும் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியவர் சற்றே யோசித்து, “எனக்கு இந்தியும் அரைகுறை, ஆங்கிலமும் அரைகுறை. எந்த மொழியிலே சொல்வது?” என்றார். மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நான், “தமிழிலேயே சொல்லுங்கள், கையால் அந்தப் பக்கத்தைச் சுட்டிக் காட்டுங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை” என்றேன்.

மறுநாள் விமான நிலையத்தில் அவர் சன்னலோர இருக்கையையே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.