உளுந்து மூட்டையில் வண்டு எங்கிருந்து வருகிறது?

போன வாரம் கறுப்பு முழு உளுந்து வாங்கிப் போனவர், "என்னண்ணே, வண்டு ஓடுது" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவராத கடை நம் மாவட்டத்தில் இருக்காது. நாங்களும் ஒரு கோடையில் இரண்டு மூட்டையை இப்படி இழந்தோம். அனுப்பிய மண்டிக்காரர் தம் சரக்கு சுத்தம் என்றார்; பழி எங்கள் கிட்டங்கி மீது விழுந்தது.

உண்மையில் பயறு வண்டு வயலிலேயே ஏறிவிடுகிறது. முற்றிய காயின் மேல் முட்டை வைக்கும். புழு பருப்புக்குள் துளைத்துப் போய் உள்ளேயே தின்று வளரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டத் துளை போட்டுக்கொண்டு வண்டாக வெளிவரும். அதற்குள் மூட்டை நம் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும்!

ஆகவே காய்ந்த காய் செடியில் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனைக்கும் வண்டுக்குக் கொண்டாட்டம். முன்பு உளுந்து ஒரே சமயத்தில் முற்றாது. இரண்டு மூன்று தடவை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். அதோடு வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் வேறு. இந்த இரண்டுக்கும் வழி கண்ட இடம் நம் ஆலங்குடிப் பக்கத்து வம்பன்தான். அங்குள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் தேமலைத் தாங்கும் ரகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு வருகிறது. 2016-இல் வந்த வம்பன் 8, 65 முதல் 75 நாளில் ஒரே சீராக முற்றுவதால் ஒரே அறுவடையில் வேலை முடிகிறது. டிராக்டரும் பம்புசெட்டும் மட்டுமா கண்டுபிடிப்பு? ஒரு விதை ரகமும் கண்டுபிடிப்புதான். அது பக்கத்து ஊரில் பிறந்ததால் நாம் கவனிப்பதில்லை.

வயலைத் தாண்டி வந்த வண்டுக்கு நம் பாட்டிமார் வைத்தியம் வைத்திருந்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். விளக்கெண்ணெய் தடவி வைத்தார்கள். எண்ணெய்ப் பூச்சு முட்டையை மூச்சுவிடாமல் செய்துவிடும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது. முழுப் பயறுதான் அதற்குத் தோது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. மூட்டைக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால், காற்றோட்டம் தேடி அலையும் பூச்சி துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழும். திரும்ப ஏற முடியாது. பயறு வண்டு மேல்மட்டத்திலேயே அதிகம் திரிவதால், பயறுக்கு மேற்பக்கமும் துளையுள்ள தனி வடிவம் உண்டு. மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் வண்டு தலைகாட்டியதுமே தெரிந்துவிடும்.

சிலர் 'கேஸ்' மாத்திரை போடுகிறார்கள். கடையும் வீடும் ஒன்றாயிருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு தூங்குகிறவர்களின் உயிரைக் குடித்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், புழு வண்டு விழுந்த சரக்கைப் பாதுகாப்பற்ற உணவு என்றே சொல்கிறது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால், எங்கே வாங்கினோம் என்று அதிகாரியிடம் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. மூட்டை இறங்கியதும் ஒரு பிடி உளுந்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். கறுப்புத் தோலில் கடுகிலும் சிறிய வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். லாரி கிளம்புமுன் அந்த மூட்டையைத் திருப்பி ஏற்றிவிடலாம்.